இலவச ஆபீஸை மூடப்போகிறார்களாம்

நெய்வேலியில் வளர்ந்தவர்களுக்கு ஓர் ஆளை எடைபோட ஒரே கேள்வி போதும்: பர்மனென்டா, காண்ட்ராக்டா? மாப்பிள்ளை பார்க்கப் போனாலும் அதுதான், வாடகைக்கு வீடு கேட்டு வந்தாலும் அதுதான். நான் சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸில் பிறந்தவள். அப்பா பர்மனென்ட். நான் கட்டிக்கொண்டதோ சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓரம் கொட்டிக் கிடக்கும் நிலக்கரியை வாரிப்போடும் காண்ட்ராக்ட் தொழிலாளியை. அப்பா ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு சொந்த ஊருக்குப் போய்விட்டார். நாங்கள் மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு எடுத்தோம். அதன் முன்னறையில் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஸ்கேனர் வைத்து ஜாப் டைப்பிங் கடை நடத்தினேன். இதையெல்லாம் சொல்லாவிட்டால், ஒரு மென்பொருளை மூடப்போகிறார்கள் என்ற செய்திக்கு நான் ஏன் அப்படிப் பதறினேன் என்பது யாருக்கும் புரியாது. என் வீட்டுக்காரருக்கே புரியவில்லை.

கடை திறந்த புதிதில் எல்லோரையும் போல நானும் திருட்டு காப்பிதான் போட்டிருந்தேன். வடலூரில் ஒரு கடையில் ரெய்டு வந்து கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஒரு பேச்சு அடிபட்டது. உண்மையா பொய்யா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். கடை வாசலில் ஒரு ஜீப் நின்றாலே டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பேன். ஜீப்பில் வந்தவர் எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டுப் போகும்வரை விரல் ஓடாது.

அப்போது கேள்வித்தாள் டைப் அடிக்க வரும் பாலிடெக்னிக் சார் ஒருவர் ஒரு சிடி கொண்டுவந்து கொடுத்தார்.

"இதப் போட்டுக்குங்க. கடிதம், டேபிள் எல்லாம் அடிக்கலாம். காசும் கெடையாது, திருட்டும் கெடையாது."

"காசு வாங்காம யாருங்க சார் செஞ்சு தராங்க?"

"உலகம் பூரா ஆளுங்க சேந்து செய்யறாங்க. யாரு வேணாலும் எடுத்துக்கலாம்."

எனக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பல்லையும் பார்ப்பேன், குளம்பையும் தூக்கிப் பார்ப்பேன். இருந்தாலும் ஜீப் பயம் பெரிதாக இருந்ததால் போட்டுக்கொண்டேன். அதற்கு ஒரு பெயர் உண்டு, வாயில் நுழையாது. கடைக்கு வருகிறவர்களிடம் 'இலவச ஆபீஸ்' என்றே சொல்லிப் பழகிவிட்டேன். வேலை நன்றாகத்தான் நடந்தது. தமிழ் எழுத்து உடையாமல் வந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் கம்ப்யூட்டரைப் போடும்போது, இன்றைக்குத் திறக்குமா என்று ஒரு கணம் பார்ப்பேன். காசு கொடுக்காமல் அனுபவிக்கும் எதுவும் ஒரு நாள் கையைவிட்டுப் போகும் என்பது குவார்ட்டர்ஸில் வளர்ந்தவளின் புத்தி. சொந்த வீடு போலவே இருக்கும், தேதி வந்தால் சாவியைக் கொடுக்க வேண்டும்.

அந்த இலவச ஆபீஸில்தான் நான் அந்தப் பட்டியலைத் தொடங்கினேன்.

காண்ட்ராக்ட் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு வருஷத்துக்கொரு முறை காண்ட்ராக்டர் மாறுவார். ஆள் மாற மாட்டான். அதே பெல்ட், அதே மண்வெட்டி, அதே ஷிஃப்ட். ஆனால் பழைய காண்ட்ராக்டர் கொடுத்த, சுரங்கத்துக்குள் விடும் கேட் பாஸைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதியவரின் பாஸ் கிடைக்கும். திருப்பிக் கொடுத்த பாஸ் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. பத்து வருஷம் உழைத்தவன் கையிலும் கடைசி இரண்டு வருஷத்துப் பாஸ்தான் இருக்கும். பி.எஃப். சீட்டு வந்தவர்களுக்கு அதுவே சாட்சி. எங்கள் பக்கத்தில் பலருக்கு அது வந்ததே இல்லை.

2011இல் ஒரு நாள் என் வீட்டுக்காரரோடு வேலை செய்கிற ஒருவர் பாஸை நீட்டி, "அண்ணி, இத ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடுங்க, நாளைக்கி ஒப்படைக்கணும்" என்றார். ஜெராக்ஸ் தாளைத் தொலைத்துவிடுவீர்கள் என்று சொல்லி, ஸ்கேன் எடுத்து கம்ப்யூட்டரிலேயே வைத்தேன். அவர் போய் இரண்டு பேரைக் கூட்டி வந்தார். அந்த இரண்டு பேர் இன்னும் நாலு பேரைக் கூட்டி வந்தார்கள். ஒருவருக்கு ஒரு பக்கம். மேலே பெயர், அப்பா பெயர், ஊர். கீழே ஒரு டேபிள்: எந்தக் காண்ட்ராக்டர், எந்த இடம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை. கடைசிக் கட்டத்தில் பாஸின் படம். பாஸ் ஒப்படைக்கும் வாரம் வந்தால் ஷிஃப்ட் முடிந்து நேரே என் கடைக்கு வருவார்கள், முகத்தில் கரித்தூளோடு. மொத்தம் ஐம்பத்து மூன்று பேர் சேர்ந்தார்கள். ஐம்பத்து மூன்று பேரின் வேலைக்காலமும் என் கம்ப்யூட்டரில் ஒரே ஃபைலில் இருந்தது. வேறு எங்கும் இல்லை.

ஃபைல் கனத்துப்போனது. திறந்தால் கம்ப்யூட்டர் மூச்சுவாங்கும். அதனால் படங்களைக் காட்டாமல் வெறும் கட்டமாக மட்டும் காட்டும்படி மாற்றி வைத்திருந்தேன். வேண்டும்போது படம் தெரியும்படி செய்துகொள்ளலாம், எனக்கு வேண்டியிருக்கவில்லை.

முதல் பயமும் அதே 2011இல்தான் வந்தது. இலவச ஆபீஸை வைத்திருந்த வெளிநாட்டுக் கம்பெனியை அதைவிடப் பெரிய கம்பெனி ஒன்று ஏற்கெனவே வாங்கியிருந்தது. புது முதலாளியோடு ஒத்துவராமல், அதைச் செய்துகொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் வெளியேறி, அதையே வேறு பெயரில் நடத்த ஆரம்பித்தார்கள். கடைசியில் வாங்கிய கம்பெனியும் இது நமக்கு வேண்டாம் என்று கைகழுவி, பழைய பெயரை ஒரு அறக்கட்டளையிடம் கொடுத்துவிட்டது. பாலிடெக்னிக் சார் இதையெல்லாம் சொல்லிவிட்டு, "நீங்க புதுப் பேருக்கு மாறிக்குங்க. வேல தெரிஞ்சவங்க எல்லாம் அங்கதான் போயிட்டாங்க" என்றார்.

நான் மாறவில்லை. எங்கள் ஊர்க்காரி மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. எனக்கு அந்தக் கதை கேட்டவுடன் புரிந்துவிட்டது, தப்பாகப் புரிந்தது. பெயரும் கேட் சாவியும் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் பர்மனென்ட். வெளியே போய்ப் புதுப் பெயர் வைத்துக்கொண்டவர்கள் காண்ட்ராக்ட். இன்றைக்கு இருப்பார்கள், நாளைக்கு வேறு பெயர் வைப்பார்கள். பர்மனென்டை விட்டு யாராவது காண்ட்ராக்டுக்குப் போவார்களா? இதை சாரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. அவருக்கென்ன, மாதம் பிறந்தால் சம்பளம்.

ஆனாலும் பயம் விடவில்லை. அந்த வாரம்தான் பாஸ் ஒப்படைக்கிற வாரம் வேறு. காலையில் ஸ்கேன், மதியம் ஸ்கேன், நடுநடுவே ஃபைலை சிடியில் ஏற்றுவது. ஒரு சிடி போதாது என்று மூன்று போட்டேன். ஒன்று பீரோவில், ஒன்று அரிசி டிரம்முக்குப் பின்னால், ஒன்று கம்மாபுரத்தில் மாமியார் வீட்டில்.

"ஊருக்கு ஒண்ணா பொதச்சி வெக்கறியே, பொதையலா அது?" என்று வீட்டுக்காரர் கேலி செய்தார்.

ஐந்து வருஷம் ஒன்றும் ஆகவில்லை. பழைய பெயரிலேயே இருந்தேன். அப்டேட் வருவது குறைந்துகொண்டே வந்தது. தொந்தரவு இல்லாத நல்ல மென்பொருள் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். ஆளில்லாமல்தான் அப்டேட் வரவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

கடலூர் மாவட்டத்தை வெள்ளம் புரட்டிப்போட்டதற்கு அடுத்த வருஷம், தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். காண்ட்ராக்ட் தொழிலாளர்களை வேலைக்காலத்தின்படி வரிசைப்படுத்தி, மூத்தவர்களை முதலில் பர்மனென்ட் ஆக்கச் சொல்லிப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. என் பட்டியலைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"பாஸ் காப்பியோட குடும்மா. ஆதாரம் இல்லாத வருஷத்த அவங்க எடுத்துக்க மாட்டாங்க. இதுல முன்ன பின்ன ஆச்சின்னா அவன் வாழ்க்கையே முன்ன பின்ன ஆயிடும்" என்றார்.

மூன்று வாரம் தவணை சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை வீட்டுக்காரரைப் பார்க்க வேண்டும். நாற்பதை நெருங்குகிறவர், கல்யாண மாப்பிள்ளை போலக் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டார். அந்த ஐம்பத்து மூன்று பேரில் வேலைக்காலத்தில் அவர்தான் மூத்தவர். பாதிப்பேரைக் கையைப் பிடித்து வேலைக்குச் சேர்த்துவிட்டவரே அவர்தான். வரிசையில் அவர் பெயர் முன்னால் வரும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எங்களுக்கு ஒரு குவார்ட்டர்ஸ் கிடைத்தால் எந்த பிளாக்கில் கிடைக்கும் என்றுகூடப் பேசிக்கொண்டோம்.

அதே வாரம்தான் அந்தச் செய்தியைப் படித்தேன். இணையத்தில் வேறு எதையோ தேடப்போய்க் கண்ணில் பட்டது. பழைய பெயரில் இருக்கும் இலவச ஆபீஸை இழுத்து மூடிவிடலாமா என்று அதை நடத்துகிறவர்களே பேசிக்கொண்டிருக்கிறார்களாம். வேலை செய்ய ஆளில்லையாம். ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடித்து மாதக்கணக்காகியும் அடைக்க முடியவில்லையாம். பர்மனென்ட் என்று நம்பியிருந்த இடத்தில் ஆளே இல்லை. காண்ட்ராக்ட் என்று நான் ஒதுக்கிய கூட்டம்தான் அங்கே ஜேஜே என்று வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

மூடினால் என்ன ஆகும்? ஃபைல் திறக்காமல் போகுமா? ஏதாவது ஒரு நாள் காலையில், 'மன்னிக்கவும்' என்று ஒரு பெட்டி வந்து நிற்குமா? கம்ப்யூட்டரை அணைக்கவே பயந்தேன். இரண்டு நாள் அது ஓடிக்கொண்டே இருந்தது. கரண்ட் போனால் யு.பி.எஸ் கத்துவதற்குள் எனக்கு உயிர் போய்விடும்.

"கடையே மூடுனாலும் வாங்குன சாமான் நம்ம வூட்டுலதான இருக்கும்? ஏன் இப்பிடி பேய் புடிச்சவ மாதிரி உக்காந்துகினு இருக்க?" என்றார் வீட்டுக்காரர். அவர் சொன்னது சரி. ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அரண்டவளுக்குக் கேட்கவே வேண்டாம்.

அந்த இலவச ஆபீஸின் இணையப் பக்கத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தது. என் அரைகுறை ஆங்கிலத்தில் எழுதினேன். ஐயா, நீங்கள் மூடிவிடுவீர்களா, என்னிடம் உங்கள் மென்பொருளில் ஐம்பத்து மூன்று பேருடைய வாழ்க்கை இருக்கிறது, தயவுசெய்து சொல்லுங்கள், உங்களில் எத்தனை பேர் பர்மனென்ட்?

மறுநாளே பதில் வந்தது. எந்த நாட்டுக்காரர் என்று தெரியவில்லை. எங்களில் யாரும் பர்மனென்ட் இல்லை என்று எழுதியிருந்தார். தனக்கு வேறு ஒரு வேலை இருப்பதாகவும், அது முடிந்து வந்து இதைச் செய்வதாகவும், சம்பளம் கிடையாது என்றும் எழுதியிருந்தார். மூடுவது இன்னும் பேச்சளவில்தான், ஆனால் மூடவே மாட்டோம் என்று உறுதி கொடுக்கத் தன்னால் முடியாது. எப்படியானாலும் உங்கள் ஃபைல் எங்களை நம்பி இல்லை, வெளியே போன நண்பர்களின் மென்பொருளிலும் அது அப்படியே திறக்கும்.

நண்பர்கள் என்று எழுதியிருந்தார். வெளிநடப்பு செய்தவர்களை எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். "சம்பளமும் இல்ல, பர்மனென்டும் இல்ல. நம்மள வுட மோசமா இருக்காங்களே பாவம்" என்றார். அவருக்கு இரக்கம் வந்தது. எனக்குப் பயம்தான் கூடியது. சம்பளம் வாங்காதவனை எதைச் சொல்லிப் பிடித்து நிறுத்துவது?

உண்மையைச் சொன்ன மனிதரை நம்பாமல், நான் ஒரு காரியம் செய்தேன். காசு கொடுத்து வாங்கும் ஆபீஸ் எங்கேயும் ஓடிப்போகாது என்று, ஃபைலை பென்டிரைவில் போட்டுக்கொண்டு ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய் அதன் வடிவத்துக்கு மாற்றினேன். அடித்துப்பிடித்து மாற்றி, திறந்து பார்த்தால் டேபிள் எல்லாம் கலைந்து கிடந்தது. பாஸ் படங்கள் பக்கம் தாண்டிப் போயிருந்தன. ஒருவர் பெயருக்குக் கீழே இன்னொருவர் முகம். அப்படியே கொடுத்திருந்தால் ஐம்பத்து மூன்று பேரும் ஆள்மாறாட்டக்காரர்கள் ஆகியிருப்பார்கள். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். பக்கத்துக் கம்ப்யூட்டரில் பஸ் டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தவர் என்னவோ ஏதோ என்று எழுந்து தள்ளி உட்கார்ந்தார்.

வேறு வழியில்லாமல், வெளியே போனவர்களின் இலவச ஆபீஸை இறக்கிப் போட்டேன். ஃபைலைத் திறந்தேன். திறந்தது. ஒரு கோடு நகரவில்லை. ஐந்து வருஷம் நான் காண்ட்ராக்ட் என்று ஏளனம் பேசிய கூட்டம் அத்தனை பேரின் முகத்தையும் அவரவர் இடத்தில் வைத்திருந்தது.

இந்த முறை படங்கள் எல்லாம் தெரியும்படி வைத்து, பக்கம் பக்கமாகச் சரிபார்த்தேன். கெட்டதிலிருந்து மீண்ட நிம்மதியில் ஒவ்வொரு பாஸாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். கடைசிப் பக்கம் என் வீட்டுக்காரருடையது. வீட்டு ஆள் கடைசியில் இருக்கட்டும் என்று நானே வைத்தது. 2011 முதல் 2013 வரை, படம் இருந்தது. 2013, இருந்தது. 2015, இருந்தது. முதல் வரி, 2009 முதல் 2011 வரை. அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது. படங்களை மறைத்து வைத்திருந்தவரை அது என் கண்ணில் படவில்லை.

புது மென்பொருளில்தான் காணாமல் போயிருக்கிறது என்று பழையதில் திறந்தேன். அங்கேயும் இல்லை. அப்படியானால் பழையதுதான் எப்போதோ தின்றிருக்கிறது. அடைக்காமல் விட்ட ஓட்டை வழியாகப் போயிருக்கும். எனக்கு ஓட்டை என்றால் ஓட்டைதான், அதன் வழியாக எதுவும் விழலாம். வந்த ஆத்திரத்தில் அந்த மனிதருக்கு எழுதினேன். உங்களை நம்பியதற்கு என் கணவரின் முதல் இரண்டு வருஷத்தை உங்கள் மென்பொருள் அழித்துவிட்டது, ஆளில்லாத கடையை ஏன் திறந்து வைத்திருக்கிறீர்கள், அன்றைக்கே மூடியிருக்க வேண்டியதுதானே? இன்று அதை நினைத்தால் கூசுகிறது.

அவர் கோபப்படவில்லை. பொறுமையாக, படிப்படியாக, ஒரு வழி சொல்லியிருந்தார். ஃபைலின் நகல் ஒன்று எடுங்கள். அதன் பெயரின் கடைசியில் இருக்கும் எழுத்துகளை இப்படி மாற்றுங்கள். அது ஒரு மூட்டை போலத் திறக்கும். உள்ளே ஓர் ஃபோல்டரில் நீங்கள் இதுவரை வைத்த படங்கள் தனித்தனியாக இருக்கும். எங்கள் மென்பொருளும் வேண்டாம், அவர்களுடையதும் வேண்டாம், நாங்கள் எல்லோரும் நாளைக்கே இல்லாமல் போனாலும் இது திறக்கும். பழைய நகல் ஏதாவது இருந்தால் அதிலும் பாருங்கள். படம் ஒருமுறை உள்ளே வைக்கப்பட்டிருந்தால் ஏதாவது ஒன்றில் இருக்கும்.

அடுத்த நாள் வீட்டுக்காரருக்கு வார ஓய்வு. காலைச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். அந்த வெளிநாட்டுக்காரர் சொன்னபடியே செய்தேன். மூட்டை அவிழ்ந்தது. உள்ளே நூற்றுக்கணக்கில் படங்கள். பெயர் கிடையாது, நீளமாக ஏதேதோ எழுத்தும் எண்ணும். ஒவ்வொன்றாகத் திறந்தேன். பாஸுக்குப் பாஸ் வந்தது. வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்ததும் சொல்லிக்கொண்டு வந்தார். "இது நம்ம பெல்ட்டுல இருந்தவன்... இவன் கால் ஒடிஞ்சி நின்னுட்டான்... இது யாரு, இவ்ளோ முடி இருந்துதா இவனுக்கு?" அவருக்கு அது ஏதோ கல்யாண ஆல்பம் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. நான் ஒவ்வொரு படத்திலும் இவர் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

எல்லாம் முடிந்தது. அவருடைய பாஸ் மூன்று இருந்தன. நான்காவது இல்லை.

பீரோவிலிருந்து 2011 சிடியை எடுத்துப் போட்டேன். அதே மாதிரி மூட்டையை அவிழ்த்தேன். அந்த வாரம் ஸ்கேன் எடுத்த எல்லோருடைய பாஸும் இருந்தது. அவருடையது அதிலும் இல்லை. மென்பொருள் எதையும் தின்னவில்லை. நான் வைக்கவே இல்லை.

சிடி டிரேயை வெளியே தள்ளும்போது எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. பாஸ் ஒப்படைக்கிற வாரத்தின் கடைசி நாளுக்கு முந்தின நாள் மாலை. கம்பெனி கைகழுவிவிட்டது என்று சார் சொல்லியிருந்ததால், மூன்றாவது சிடியில் ஏறுகிறதா என்று திரையையே முறைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து வந்து பாஸை மேஜைமேல் வைத்தார். "நம்மளதையும் ஒண்ணு எடுத்துடு" என்றார். சிடி ஏறும்போது ஸ்கேனரைப் போட்டால் கம்ப்யூட்டர் நின்றுவிடும் என்று எனக்குப் பயம். "நம்ம வீட்டுப் பாஸ் எங்க போயிடப் போகுது, காலைல எடுக்கலாங்க" என்றேன். காலையில் அவருக்கு முதல் ஷிஃப்ட். நான் எழுவதற்குள் பாஸையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கே ஒப்படைத்துவிட்டார். அந்த வாரமும் பயமும் கடந்துபோனதில், டேபிளில் அந்த வரியை மட்டும் அடித்து வைத்துவிட்டு மறந்துவிட்டேன். ஃபைல் எதிர்காலத்தில் தொலைந்துவிடுமோ என்று சிடி மேல் சிடியாக ஏற்றிக்கொண்டிருந்தவள், அதற்குள் போக வேண்டியதை வெளியே விட்டுவிட்டேன்.

அவரும் அதை ஞாபகப்படுத்திக்கொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"அந்தக் காண்ட்ராக்டருகிட்ட கேட்டுப் பாக்கலாங்க" என்றேன்.

"அவரு எந்த ஊர்ல இருக்காரோ. பழைய பாஸ யாரு வெச்சிகினு இருப்பா?"

"சங்கத்துக்காரருகிட்டயாவது..."

"அவரு தெளிவா சொல்லிட்டுத்தான போனாரு."

இனி அவருடைய வேலைக்காலம் 2011இல் தொடங்கும். அவர் கையைப் பிடித்து வேலைக்குச் சேர்த்துவிட்ட எல்லோரும் அவருக்கு மேலே போவார்கள்.

அந்த வெளிநாட்டு மனிதருக்கு, உங்கள் மேல் தவறில்லை, என்னை மன்னித்துவிடுங்கள் என்று எழுதினேன். வருந்துகிறேன் என்று ஒரு வரி பதில் போட்டார். அதற்குப் பிறகு நான் அவருக்கு எழுதவில்லை. அவர்கள் அந்த இலவச ஆபீஸை மூடவும் இல்லை. நான்தான் அந்தச் செய்தியைத் தேடிப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

தவணைக்கு முந்தின நாள் மதியம், பிரிண்ட் எடுப்பதற்கு முன்னால் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். காலியாக இருக்கிற கட்டத்தில் ஏதாவது எழுத வேண்டும், வெறுமையாக விட்டால் ஐம்பத்து மூன்று பேரின் பட்டியலையும் சந்தேகப்படுவார்கள் என்று சங்கத்துக்காரர் போனில் சொல்லியிருந்தார். வீட்டுக்காரர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் கர்சரை அந்தக் கட்டத்தில் வைத்தேன். பாஸ் தொலைந்தது என்று அடிக்கலாமா என்று கேட்டேன்.

"தொலையலையே. நாந்தான குடுத்துட்டு வந்தேன்" என்றார்.

எடுக்கப்படவில்லை என்று போடட்டுமா என்றேன். அவர் என்னைப் பார்த்தார். அது யார் எடுக்காதது என்று பட்டியலைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது. எங்கள் இருவருக்கும் தெரியும்.

"எல்லாரும் எழுதறத எழுது" என்றார்.

அவர் பெயருக்கு நேராக, 2009 முதல் 2011 வரை என்று நான் அடித்து வைத்திருந்த வரியின் கடைசிக் கட்டத்தில், 'ஆதாரம் இல்லை' என்று அடித்தேன். அதைச் சேமித்துவிட்டு, பிரிண்ட் கொடுத்தேன்.